சண்டை ரோபோ அணியில் எலெக்ட்ரிக்கலும் மெக்கானிக்கலும்: எதை யார் முடிவு செய்வது?

கேள்வி கேட்டவர் எலெக்ட்ரிக்கல் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர். அவர் எழுதியதன் சாரம் இது: 15 கிலோ பிரிவுக்காகச் சுழலும் வட்டு ஆயுதம் கொண்ட சண்டை ரோபோ ஒன்றைக் கட்டுகிறார்கள். அணியில் மெக்கானிக்கல் மாணவர்கள் அதிகம், எலெக்ட்ரிக்கல் இரண்டே பேர். மெக்கானிக்கல் தரப்பு முழு வடிவமைப்பையும் முடித்து, தகடுகளையும் வெட்டக் கொடுத்துவிட்டு, "மீதி இருக்கும் இடத்தில் உங்கள் சாமான்களை வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறது. போன போட்டியில் ரோபோ அடி வாங்கியதும் நின்றுவிட்டது. பழி எலெக்ட்ரிக்கல் மீது விழுந்தது. இரண்டு பிரிவுக்கும் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று கேட்கிறார்.

வேலைப் பிரிவினையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் வலிக்கும் இடம் வேறு என்று நினைக்கிறேன்: முடிவுகள் எடுக்கப்படும்போது நீங்கள் அந்த மேசையில் இல்லை. தகடு வெட்டுவதும் சால்டரிங் செய்வதும் தாமாகவே பிரிந்துகொள்ளும் வேலைகள். ஆயுதத்தின் புல்லி விகிதம் என்ன, பேட்டரி எங்கே உட்கார வேண்டும், ரோபோ எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பவை அப்படிப் பிரியாது. இவற்றை ஒரு தரப்பு மட்டும் தீர்மானித்த ரோபோக்கள்தான் களத்தில் நின்றுபோவதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

நான் எலெக்ட்ரிக்கல் படித்தவன். தொழிற்சாலைகளுக்கான தனி இயந்திரங்களைக் கட்டும் இடத்தில், மெக்கானிக்கல் ஆட்களுடன் பல வருடங்களாக வேலை செய்கிறேன். கல்லூரி அணிகளுக்கு ஆலோசனை சொல்வதும், போட்டிகளில் களத்துக்குள் அனுப்பும் முன் ரோபோக்களைச் சோதிப்பதும் கூடவே தொடர்கின்றன. என் பழக்கம் முழுவதும் மோட்டாரால் சுழலும் ஆயுதங்களில்தான். காற்றழுத்தத்தால் எதிரியைத் தூக்கி எறியும் வகை ரோபோ என்றால் கீழே சொல்வதில் ஒரு பகுதிதான் பொருந்தும்.

மெக்கானிக்கல் முதலில், மின்சாரம் பிறகு என்ற பழக்கத்துக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. 1994-இல் மார்க் தோர்ப் சான்பிரான்சிஸ்கோவில் ரோபோ வார்ஸ் போட்டியைத் தொடங்கியபோதும், 1998-இல் பிபிசி அதே பெயரில் தொலைக்காட்சித் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியபோதும் பல ரோபோக்களுக்குள் இருந்தவை ஈய-அமில பேட்டரிகளும் சக்கர நாற்காலி மோட்டார்களும். கிலோவுக்கு 30, 40 வாட்-மணி தரும் பேட்டரியை வைத்துக்கொண்டு இன்றைய அளவுக்கு ஆபத்தை உண்டாக்குவது கடினம். சட்டகம் தாங்குகிறதா, தண்டு வளைகிறதா என்பதே அன்றைய கவலை. லிப்போ (லித்தியம்-பாலிமர்) பேட்டரியும் பிரஷ்லெஸ் (உரசும் தூரிகை இல்லாத) மோட்டாரும் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. கிலோவுக்கு 150 வாட்-மணி அளவில் தேக்கி, அதைச் சில நிமிடங்களில் கொட்டித் தீர்க்கும் பேட்டரி இன்று எந்தக் கல்லூரி அணிக்கும் கிடைக்கிறது. அதைக் கட்டுப்படுத்துவது கடைசியில் ஒட்டவைக்கும் வேலையாக இனி இருக்க முடியாது.

உங்கள் ஆயுதத்தையே எடுத்துக்கொள்வோம். 20 செ.மீ. விட்டம், 12 மி.மீ. தடிமன் உள்ள எஃகு வட்டு என்று வையுங்கள். எடை சுமார் 3 கிலோ வரும். அதன் சுழற்சி நிலைமம் (சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) 0.015 கிலோகிராம்-சதுரமீட்டர். நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில் அதில் தேங்கும் ஆற்றல் ஏறத்தாழ 3000 ஜூல். 15 கிலோ எடையை 20 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையில் விழும் அடி அது. விளிம்பின் வேகம் மணிக்கு 225 கிலோமீட்டரைத் தாண்டும். இவ்வளவும் இயற்பியல் கணக்கு, இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இந்த வட்டை எப்படிச் சுழற்றுவது என்று கேட்டால்தான் இரண்டு பிரிவும் முட்டிக்கொள்கின்றன. சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில், இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) மோட்டாரின் பின்மின்னழுத்தத்தை, அதாவது சுழலும்போது மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் அதன் சுழலும் பகுதி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. நின்றிருக்கும் மோட்டாரில் பின்மின்னழுத்தமே கிடையாது. எனவே முதல் சில சுற்றுகளை அது ஊகத்தில் ஓட்டுகிறது. கனமான வட்டை மோட்டாரோடு நேரடியாக இணைத்தால் அந்த ஊகம் தவறும். மோட்டார் முன்னும் பின்னும் உதறும். மின்னோட்டம் எகிறி இ.எஸ்.சி. எரியும். நடுவில் 2-க்கு 1 என்ற விகிதத்தில் புல்லி வைத்தால், மோட்டார் உணரும் நிலைமம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. விகிதத்தின் வர்க்கத்தில் குறைவதால் இது பெரிய லாபம். எலெக்ட்ரிக்கல் ஆள் இன்னும் அதிக விகிதம் கேட்பார். மெக்கானிக்கல் ஆள் மறுப்பார், அவர் மறுப்பதிலும் நியாயம் உண்டு: மோட்டார் பக்கத்துப் புல்லி சிறிதாகச் சிறிதாக பெல்ட் அதைச் சுற்றிப் பிடிக்கும் பரப்பு குறைந்து, வழுக்கத் தொடங்கும். விகிதம் மாறினால் மோட்டாரின் கேவி எண்ணும் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது) மாறியாக வேண்டும். 22.2 வோல்ட் பேட்டரியில் வட்டு 6000 சுற்று போக, நேரடி இணைப்புக்கு ஏறத்தாழ 300 கேவி மோட்டார் வேண்டும், 2-க்கு 1 புல்லிக்கு 600 கேவி. இரண்டும் வெவ்வேறு பருமன், வெவ்வேறு எடை, வெவ்வேறு திருகுத் துளைகள். மோட்டாரை ஒருவர் வாங்கிவிட்டுப் புல்லியை இன்னொருவர் வரைந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெல்ட் வழுக்குவது முழுக்கக் கெட்டதும் இல்லை. எதிரியின் தகட்டில் வட்டு மோதி ஒரு கணத்தில் நிற்கும்போது, பெல்ட் வழுக்கினால் அந்த அதிர்ச்சி மோட்டாருக்கு முழுதாகப் போகாது. இந்த இடத்தில் எனக்கு உறுதியான தீர்ப்பு கிடையாது. பல் உள்ள டைமிங் பெல்ட்டை வைத்து வெல்லும் அணிகளும் இருக்கின்றன, வி-பெல்ட்டை வைத்து வெல்லும் அணிகளும் இருக்கின்றன. பல் பெல்ட்டை விரும்பினால், அடி விழும்போது எது விட்டுக்கொடுக்கப் போகிறது என்பதை இருவரும் சேர்ந்து முன்பே தீர்மானியுங்கள். விட்டுக்கொடுக்க எதுவும் இல்லையென்றால், மோட்டார் தண்டோ இ.எஸ்.சி.யோதான் விட்டுக்கொடுக்கும்.

அடுத்தது ஆயுதத்தின் கடி. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் விநாடிக்கு 100. வட்டில் இரண்டு பற்கள் இருந்தால் விநாடிக்கு 200 முறை ஏதோ ஒரு பல் முன்னால் வருகிறது. நீங்கள் எதிரியை விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நெருங்கினால், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையில் எதிரி உள்ளே நுழையக்கூடியது அதிகபட்சம் 15 மி.மீ. ஒற்றைப் பல் வைத்து மறுபக்கம் எடையைச் சமன் செய்தால் 30 மி.மீ. சுற்று வேகத்தை இரட்டிப்பாக்கினால் இது பாதியாகும்; வட்டு கடிக்காமல் உரசிக்கொண்டே போகும், தீப்பொறி மட்டும் பறக்கும். ஆக, ஆயுதம் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்பதைச் சக்கர மோட்டாரின் கியர் விகிதமும் சக்கர விட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஓட்டத்துக்கான மோட்டாரை எலெக்ட்ரிக்கல் ஆள் "கையிருப்பில் இருந்தது" என்று கொண்டுவந்து கொடுத்தால், மெக்கானிக்கல் நண்பர் பார்த்துப் பார்த்து வடிவமைத்த பல்லை அவர் அறியாமலே மொட்டையாக்கிவிடுகிறார்.

இனி நான் அணிகளிடம் எப்போதும் காகிதத்தில் போட்டுக் காட்டும் ஒரு கணக்கு. நிமிர்ந்து சுழலும் வட்டு உள்ள ரோபோ திடீரென்று திரும்பினால் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அமெரிக்காவின் பேட்டில்பாட்ஸ் நிகழ்ச்சியில் பிரேசிலின் ரியோபாட்ஸ் அணி கொண்டுவந்த மினோடார் ரோபோ திரும்பும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வட்டின் கோண உந்தம் (நிலைமத்தைச் சுழலும் வேகத்தால் பெருக்கியது) 6000 சுற்றில் சுமார் 9.4 நியூட்டன்-மீட்டர்-விநாடி. ரோபோ விநாடிக்கு 180 பாகை திரும்பினால், அதைப் பக்கவாட்டில் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை ஏறத்தாழ 30 நியூட்டன்-மீட்டர். 15 கிலோ ரோபோவின் இரு சக்கரங்களுக்கு இடையே 30 செ.மீ. அகலம் இருந்தால், அதன் எடை கவிழாமல் பிடித்து நிறுத்தும் திருப்புவிசை வெறும் 22 நியூட்டன்-மீட்டர். சக்கரம் எழும்பியே தீரும். எல்லை எங்கே என்றால் விநாடிக்கு சுமார் 134 பாகை. அதாவது ஒரு முழுச் சுற்றுத் திரும்ப இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் எதிரி உங்கள் பின்பக்கம் வந்துவிடுவார்.

இதற்கு வழிகள் உண்டு, அவை இரண்டு தரப்பிலும் சிதறிக் கிடக்கின்றன. சக்கர இடைவெளியை 40 செ.மீ. ஆக்கினால் எல்லை 180 பாகைக்குப் பக்கத்தில் போகும். அது மெக்கானிக்கல் வேலை, எடை கூடும். வட்டின் நிலைமத்தைக் குறைத்துச் சுற்று வேகத்தைக் கூட்டினால், அதே ஆற்றலுக்குக் கோண உந்தம் குறையும். ஆனால் மேலே சொன்ன கடி குறைந்துவிடும். டிரான்ஸ்மிட்டரில் திரும்பும் வேகத்துக்கு வரம்பு வைப்பதும், திரும்ப வேண்டிய நேரத்தில் ஆயுத வேகத்தைப் பாதியாக்கும் சுவிட்ச் ஒன்றை ஓட்டுநருக்குக் கொடுப்பதும் எலெக்ட்ரிக்கல் வேலை. எடை கூடாது, காசும் ஆகாது. சட்டகத்தை இன்னொரு முறை வெட்டத் தயாரான ஓர் அணி, டிரான்ஸ்மிட்டரில் ஒரே ஓர் அமைப்பை மாற்றிப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டதை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்பும் பேசிக்கொள்ளாதிருந்தால் அந்தத் தகடுகள் மறுபடி வெட்டப்பட்டிருக்கும்.

பேட்டரிக்கு வருகிறேன். பெரும்பாலான அணிகள் "சார்ஜ் போதுமா" என்று கவலைப்படுகின்றன. 6 செல், 2200 மில்லிஆம்பியர்-மணி லிப்போ ஒன்றில் ஏறத்தாழ 1,75,000 ஜூல் இருக்கிறது. வட்டை நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்குக் கொண்டுவர, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து 6000 ஜூல் போகட்டும். ஒரு போட்டி பெரும்பாலும் 3 நிமிடம். அதில் எத்தனை முறை சுழற்ற வேண்டியிருக்கும்? ஆற்றல் தாராளமாகப் போதும். நெருக்கடி மின்னோட்டத்தில்தான். அந்தப் பேட்டரியின் உள்மின்தடை 30 மில்லிஓம் என்றால், 150 ஆம்பியர் இழுக்கும்போது 4.5 வோல்ட் உள்ளேயே போய்விடும், பேட்டரிக்குள் 600 வாட்டுக்கு மேல் வெப்பமாகும். பேட்டரி உறையில் அச்சடித்திருக்கும் சி-எண்ணை (எவ்வளவு மின்னோட்டம் தரும் என்று சொல்லும் எண்) நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் விற்பனைக்காக ஏற்றிச் சொல்லப்படும் எண். ரோபோவில் போட்டுச் சுமையோடு அளந்து பாருங்கள்.

பேட்டரி எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் கோபதாபம் அதிகம். ஆயுதம் முன்னால் இருப்பதால் எடையைச் சமன் செய்ய மெக்கானிக்கல் தரப்பு பேட்டரியைப் பின்னால் தள்ளும். ஆயுத இ.எஸ்.சி. மோட்டாருக்குப் பக்கத்தில் முன்னால் இருக்கும். நடுவில் நீளமான வயர். பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் இடையிலான வயர் நீண்டால், அதன் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு) காரணமாக ஒவ்வொரு ஸ்விட்சிங்கின்போதும் மின்னழுத்தம் துள்ளும், இ.எஸ்.சி.யின் உள்ளீட்டுக் கப்பாசிட்டர்கள் சூடாகிக் கடைசியில் பழுதாகும். இ.எஸ்.சி.க்கும் மோட்டாருக்கும் இடையிலான வயர் நீள்வது அவ்வளவு கெடுதல் இல்லை. எனவே பேட்டரி பின்னால் போனால் இ.எஸ்.சி.யும் கூடவே பின்னால் போகட்டும், மோட்டார் வயர்கள் நீளட்டும். இது தெரிந்திருந்தால் வரைபடத்தில் ஒரு பெட்டியை நகர்த்துவதோடு முடியும் விஷயம். தகடு வெட்டிய பிறகு தெரிந்தால், கூடுதல் கப்பாசிட்டர்களை ஒட்டவைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

இப்போது பழி விவகாரம். அடி வாங்கிய ரோபோ நிற்கிறது, விளக்கு அணைகிறது, எல்லோரும் எலெக்ட்ரிக்கல் ஆளைப் பார்க்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் காரணம் எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி. ஒரு கல்லூரி அணியின் ரோபோ ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஓரிரு விநாடி செத்து, பிறகு உயிர் பெற்றது. ரிசீவர் அணைந்து மறுபடி தொடங்குகிறது என்பது அந்த இடைவெளியிலேயே தெரிந்தது. மேல் தகட்டைக் கழற்றினோம். பேட்டரியைத் துண்டிக்கும் பாதுகாப்பு லிங்க், ஒரு எக்ஸ்டி90 கனெக்டர், முன் தகட்டிலேயே திருகி வைக்கப்பட்டிருந்தது. அதன் பின்களில் மின்பொறி பட்ட கருப்புப் புள்ளிகள். பின்கள் கழலும் திசையும் அடி விழும் திசையும் ஒன்றாக இருந்தன. ஒவ்வொரு மோதலிலும் கனெக்டர் ஒரு மயிரிழை பிரிந்து சேர்ந்திருக்கிறது. கனெக்டரை 90 பாகை திருப்பி, ரப்பர் போல வளையும் டிபியு பிளாஸ்டிக்கில் அச்சிட்ட பிடிப்பானில் வைத்தார்கள்; நோய் போய்விட்டது. பழுது மின்சாரத்தில் வெளிப்பட்டது, அதன் வேர் ஒரு திருகு வைத்த இடத்தில் இருந்தது.

இதே வகையில் இன்னும் சில. மோட்டாரை இறுக்கும் திருகு 2 மி.மீ. நீளம் கூடினால் உள்ளே போய்ச் சுருளைத் தொடும். அன்று மாலை எரிவது இ.எஸ்.சி. போட்டிக்கு முந்தைய இரவு, எலெக்ட்ரானிக்ஸ் உள்ளே இருக்கும்போதே சட்டகத்தில் இன்னொரு துளை போடுவார்கள். அலுமினியச் சீவல் இ.எஸ்.சி. பலகையில் விழுந்து கிடக்கும், காலையில் பேட்டரியை மாட்டியதும் புகை. பலகைகள் உள்ளே இருக்கும்போது துரப்பணம் ஓடக்கூடாது என்பதை நான் ஆலோசனை சொல்லும் அணிகளில் விதியாகவே வைக்கச் சொல்கிறேன்.

உங்கள் தரப்புக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சால்டரிங் செய்யும்போது ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறி, அந்த நீளம் மட்டும் விறைத்துக்கொள்ளும். வளையும் வயர் விறைத்த பகுதியைச் சந்திக்கும் இடத்தில்தான் அதிர்வில் முறியும். அங்கே சுருங்கு உறை போட்டு, பக்கத்திலேயே சட்டகத்தோடு கட்ட வேண்டும். கப்பாசிட்டர்களும் ரிசீவர் பின்களும் பசையால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் பசை செம்பை அரிக்கும், அதைத் தொடாதீர்கள். மெக்கானிக்கல் மாணவர்கள் என்னிடம் வந்து சொல்லும் குறை ஒன்றும் உண்டு: எலெக்ட்ரிக்கல் ஆட்கள் பேட்டரியின் அளவைக் கொடுப்பார்கள், அதிலிருந்து வெளியே வரும் வயரின் அளவைக் கொடுக்க மாட்டார்கள். முற்றிலும் உண்மை. தடித்த வயர் கனெக்டரிலிருந்து வெளிவந்து வளைய அதற்கென்று இடம் வேண்டும். அந்த இடம் வரைபடத்தில் இல்லையென்றால் மூடி மூடாது; அமுக்கி மூடினால் வயர் நசுங்கும். சட்டகம் வெட்டிய பிறகு "வேறு பேட்டரிதான் கிடைத்தது" என்று வேறு அளவில் கொண்டுவருவதும் உங்கள் தரப்பில் அடிக்கடி நடப்பதுதான்.

மின்னோட்டத்தை அளக்கும் அளவுமானி மெக்கானிக்கல் ஆளுக்கும் கருவி என்பதை உங்கள் நண்பர்களுக்குக் காட்டுங்கள். ஆயுதத்தைச் சுமையின்றிச் சுழற்றி, அது இழுக்கும் மின்னோட்டத்தைக் குறித்து வையுங்கள். பேரிங்குகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும், பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும், தண்டு சற்று வளைந்திருந்தாலும் அந்த எண் ஏறும். ஒவ்வொரு போட்டிக்கும் பிறகு அதே சோதனையைச் செய்தால், கண்ணுக்குத் தெரியாத வளைவும் எண்ணில் தெரியும். நான் பார்த்தவரை இரண்டு தரப்புக்கும் இடையே மரியாதையை உண்டாக்குவதில் இதற்கு நிகரான வேலை இல்லை.

ஆன்டெனாவும் வெப்பமும் சுருக்கமாக. நான்கு பக்கமும் மேலும் கீழும் உலோகத் தகடு மூடிய பெட்டிக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரை வைத்தால் சிக்னல் திணறும். கார்பன் ஃபைபரும் மின்கடத்தி, அதுவும் மறைக்கும். எங்காவது ஒரு பக்கம் பாலிகார்பனேட் அல்லது பாலிஎத்திலீன் துண்டு வேண்டும், அதை முதல் வரைபடத்திலேயே கேளுங்கள். வெப்பத்துக்கு, 3 நிமிடப் போட்டியில் காற்றோட்டத்தைவிட வெப்பத்தை உறிஞ்சி வைக்கும் உலோக எடைதான் அதிகம் உதவும். இ.எஸ்.சி.யை வெப்பம் கடத்தும் மெத்தை வைத்து உள்சட்டகத்தின் அலுமினியத்தோடு சேர்த்தால் போதும். அடி வாங்கும் வெளிக் கவசத்தோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

எடைப் பங்கீட்டில் ஓட்டத்துக்கு 30 சதவீதம், ஆயுதத்துக்கு 30, சட்டகத்துக்கும் கவசத்துக்கும் 25, பேட்டரிக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் 15 என்று ஒரு வழக்கமான கணக்கு உண்டு. உங்கள் 15 கிலோவில் கடைசிப் பங்கு 2.25 கிலோ. இது தொடங்குவதற்கான எண், சட்டம் இல்லை. திருகுகளும் வயர்களும் யாருடைய கணக்கிலும் ஏறாமல் கடைசியில் தராசில் வந்து நிற்கும் என்பதால், அவற்றுக்குத் தனி வரி போட்டு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கடைசி நாளில் எடை மிஞ்சினால் முதலில் சுரண்டப்படுவது பெரும்பாலும் வயரின் தடிமன்தான். அங்கே நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டதற்கு. பாடப்பிரிவு வாரியாகப் பிரிக்காமல் ரோபோவின் உறுப்பு வாரியாகப் பிரியுங்கள் என்பது என் ஆலோசனை. ஆயுதத்துக்கு ஒரு மெக்கானிக்கல், ஒரு எலெக்ட்ரிக்கல். ஓட்டத்துக்கும் அப்படியே ஒரு ஜோடி. சட்டகம், கவசம், எடை ஆகியவற்றை மீதி மெக்கானிக்கல் நண்பர்கள் பார்க்கட்டும்; மின்வழங்கலை நீங்கள் இருவரும் சேர்ந்து பாருங்கள். ஆயுதம் சுழலவில்லை என்றால் ஆயுத ஜோடி பதில் சொல்ல வேண்டும். அதற்குள் எது மின்சாரம், எது இயந்திரம் என்று பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. தகடு வெட்டக் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டியவை: மோட்டாரின் மாதிரி, தண்டு விட்டம், திருகின் அளவும் உள்ளே போகக்கூடிய ஆழமும், புல்லி அல்லது கியர் விகிதம், அதிகபட்ச மின்னோட்டம், வயரின் தடிமனும் அது வளைய வேண்டிய இடமும், எடை. அந்தப் பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெட்டக் கொடுப்பது. பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் அதே அளவில் மரக்கட்டையோ தெர்மோகோலோ வெட்டி, உண்மையான வயரை அதில் ஒட்டி, அட்டையில் செய்த சட்டகத்துக்குள் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

இந்த ஏற்பாடு மட்டுமே சரி என்று என்னால் நிரூபிக்க முடியாது. இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஒருவர் எல்லாவற்றையும் தீர்மானித்து வென்ற அணிகளையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் உங்கள் அணியில் இருந்தால் அவரைப் பின்பற்றுவது விரைவான வழி. அவர் படிப்பை முடித்துப் போன மறு ஆண்டு அணி திணறுவதையும் பார்த்திருப்பதால்தான் ஜோடி முறையைச் சொல்கிறேன்.

பாதுகாப்பில் மட்டும் பங்கு பிரிக்காதீர்கள். 3000 ஜூல் தேங்கிய வட்டு கைக்கு அருகில் சுழலும் பொருள். லிங்க் மாட்டும்போது ஆயுதப் பூட்டு போட்டிருக்க வேண்டும். லிங்க்கை மாட்டுபவர் ஒருவர் மட்டுமே. டிரான்ஸ்மிட்டர் அதற்கு முன்பே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். சிக்னல் அறுந்தால் ஆயுதமும் சக்கரமும் தாமாக நிற்கின்றனவா என்பதைச் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி தூக்கி வைத்து, ஆயுத பெல்ட்டைக் கழற்றிய நிலையில் சோதித்திருக்க வேண்டும். முழு வேகச் சோதனையைப் பாலிகார்பனேட் தடுப்புக்கு வெளியே நின்று செய்ய முடியாவிட்டால் செய்யவே வேண்டாம். குத்துப்பட்ட லிப்போ உடனே தீப்பிடிக்காமல் சிறிது நேரம் கழித்தும் பிடிக்கலாம். அடி வாங்கிய பேட்டரியைத் திறந்த வெளியில், மணல் வாளிக்குப் பக்கத்தில் வைத்துக் கவனியுங்கள்.

போன போட்டியில் உங்கள் ரோபோ ஏன் நின்றது என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் தேட வேண்டிய வரிசையைச் சொல்லலாம். நின்றபோது மின்விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்று போட்டிக் காணொளியில் பாருங்கள். விளக்கு அணைந்திருந்தால் பேட்டரி, லிங்க், முதன்மை வயர் என்ற பாதையில் தேடுங்கள். விளக்கு எரிந்து, சக்கரமும் ஆயுதமும் சேர்ந்து நின்றிருந்தால் ரிசீவர், அதற்கான 5 வோல்ட் வழங்கல், ஆன்டெனா. ஆயுதம் மட்டும் நின்றிருந்தால் முதலில் கையால் வட்டைச் சுற்றிப் பாருங்கள். கையாலேயே சிரமமாக இருந்தால் இ.எஸ்.சி.யைக் குறை சொல்லும் முன் பேரிங்கைக் கழற்றுங்கள். இதைச் செய்யும்போது மெக்கானிக்கல் நண்பர்களில் ஒருவராவது உங்களோடு இருக்கட்டும். இணைப்புகளின் படத்தையும் மோட்டார், இ.எஸ்.சி. மாதிரி எண்களையும் இங்கே போட்டால், மேற்கொண்டு பார்த்துச் சொல்கிறேன்.